செயலமர்வு முடிந்தது, திறன் பலகைக்குத் துணி போர்த்தியாயிற்று: இனி என்ன செய்வது?

வன்னியிலுள்ள ஓர் ஆசிரியர் கல்வி நிறுவனத்தில் தகவல் தொழில்நுட்பம் கற்பிக்கும் இளம் விரிவுரையாளர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளையும் இடத்தையும் காட்டிக்கொடுக்கும் விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

நிறுவனத் தலைவர் ஒருநாள் இவரை அழைத்து, "மற்ற விரிவுரையாளர்களையும் தொழில்நுட்பத்தின் பக்கம் கொண்டுவாருங்கள்" என்று வாய்மொழியாகப் பொறுப்புக் கொடுத்தார். இவரும் இரண்டு நாள் செயலமர்வு நடத்தினார். திறன் பலகை (ஸ்மார்ட் போர்ட்), ஸ்லைட் தயாரித்தல், இணையவழி வினாத்தாள் எல்லாவற்றையும் காட்டினார். எல்லோரும் வந்தார்கள், சான்றிதழ் வாங்கினார்கள், குழுப்படம் எடுத்தார்கள். ஒரு தவணை கடந்துவிட்டது. திறன் பலகை தூசு படியாதபடி துணியால் போர்த்தப்பட்டுக் கிடக்கிறது. ஓய்வுக்கு நான்கு ஆண்டுகளே இருக்கும் ஆரம்பக்கல்வி விரிவுரையாளர் ஒருவர், "வெண்கட்டியோடு வந்தேன், வெண்கட்டியோடேயே போய்விடுகிறேன், என்னை விடுங்கள்" என்று கூட்டத்திலேயே சொல்லிவிட்டார். வேறு சிலர் தங்கள் குறிப்புகளைப் பென் டிரைவில் கொண்டுவந்து, "இதை ஸ்லைடாக மாற்றித் தாருங்கள் பிள்ளை" என்று கொடுத்துவிட்டுப் போகிறார்கள். மறுபக்கம், ஆசிரிய மாணவர்கள் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளில் பாடத்திட்டம் எடுத்து ஒப்படைக்கிறார்கள். மூத்தவர்களுக்கு அது பிடிபடவில்லை என்று இவர் கவலைப்படுகிறார்.

அவர் கேட்பவை: பயன்பாட்டைக் கட்டாயமாக்கும்படி தலைவரிடம் சுற்றறிக்கை கேட்கலாமா? கைபேசியில் கெட்டிக்காரரான ஆசிரிய மாணவர்களைக் கொண்டே விரிவுரையாளர்களுக்குப் பழக்கலாமா? வகுப்புகளை வீடியோ எடுத்து ஊழியர் வட்ஸ்அப் குழுவில் போட்டால் மற்றவர்களுக்கு ஊக்கமாக இருக்குமா? இவை ஒன்றும் சரிவராவிட்டால் இடமாற்றம் கேட்டுவிடலாமா?

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை வாசித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. திறன் பலகையின் திரை அளவுகூட அதில் இருக்கிறது. அந்த மூத்தவர் எந்தப் பாடத்தை எப்படிக் கற்பிக்கிறார், அதில் ஆசிரிய மாணவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பது மட்டும் ஓரிடத்திலும் இல்லை. உங்களைக் குறை சொல்லவில்லை. பொறுப்பைக் கொடுத்தவரும் அதைச் சொல்லித் தரவில்லை. என்றாலும் நான் சொல்லப்போகும் எல்லாமே அந்த விடுபட்ட இடத்திலிருந்துதான் தொடங்குகின்றன.

அதற்கு முன், "வயது போனவர்கள், இனி மாற மாட்டார்கள்" என்ற உங்கள் வரிக்கு ஒரு பதில். 1990களில் நாட்டின் மற்றப் பகுதிகளில் அலுவலகங்களுக்கும் பாடசாலைகளுக்கும் கணினி வந்துகொண்டிருந்தபோது, வன்னியின் பெரும்பகுதியில் மின்சாரமே இருக்கவில்லை. போர்க்காலத்தில் மின்கலங்கள் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் இருந்தன. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். இடம்பெயர்ந்த பாடசாலைகள் மரங்களின் கீழ் நடந்தன. 2009இல் செட்டிகுளம் முகாம்களில் தறப்பாள் கொட்டில்களுக்குள் வகுப்பு நடந்தது. இன்று ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு வயதில் இருக்கும் வன்னி ஆசிரியர் ஒருவர் கணினி பழகியிருக்க வேண்டிய வயதில் எங்கே இருந்தார் என்பதை அவரிடமே ஒருநாள் தேநீர் நேரத்தில் கேட்டுப் பாருங்கள். டைனமோவில் வானொலியை ஓட வைத்தவரைத் தொழில்நுட்பம் தெரியாதவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்குக் கிடைத்த கருவிகள் வேறு, அவ்வளவுதான். அவர் அஞ்சுவதும் கருவிக்கு அல்ல என்றே நினைக்கிறேன். முப்பது ஆண்டுகள் "சேர்" என்று எழுந்து நின்ற வகுப்பின் முன்னால், ஒரு கேபிளைச் செருகத் தெரியாமல் நிற்பதுதான் அவரை உறுத்துகிறது.

இளையவர்களைப் பற்றிய உங்கள் எண்ணத்துக்கும் இதே திருத்தம் தேவை. அமெரிக்கக் கல்வி எழுத்தாளரான மார்க் பிரென்ஸ்கி 2001இல், கணினியோடு பிறந்து வளர்ந்த தலைமுறை என்று இளையவர்களைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பின்வந்த ஆய்வுகள் அந்தப் பிரிவினை அவ்வளவு தெளிவானதல்ல என்று காட்டின. டிக்டொக்கில் வீடியோ வெட்டி ஒட்டத் தெரிந்த ஆசிரிய மாணவிக்கு, தரம் 3 பிள்ளைக்குக் கழித்தல் விளங்கவைக்க அந்த வீடியோவை எந்த நிமிடத்தில் நிறுத்த வேண்டும் என்று தெரியாது. அது தெரிந்தவர் உங்கள் வெண்கட்டி விரிவுரையாளர்.

செயலமர்வு ஏன் கரைந்துபோனது?

நீங்கள் மோசமாக நடத்தியதால் அல்ல. 1980களின் தொடக்கத்திலேயே புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஆசிரியர் பயிற்சிகளை ஆராய்ந்து ஒன்றை எடுத்துக்காட்டினார்கள். விளக்கிச் சொல்வதும் செய்து காட்டுவதும் ஆசிரியரின் அறிவைக் கூட்டும். ஆனால் வகுப்பறைக்குத் திரும்பிய பிறகு பக்கத்தில் ஒருவர் இருந்து கைகொடுக்காவிட்டால், கற்றது வகுப்புக்குள் போய்ச் சேருவது மிகக் குறைவு. உங்கள் நிறுவனத்தில் இதை யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆசிரிய மாணவரைக் கற்பித்தற் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு, பின்னால் போய் வகுப்பின் கடைசி வாங்கில் உட்கார்ந்து பார்ப்பவர்கள்தானே நீங்கள் எல்லோரும். மாணவருக்குச் செய்வதைச் சக விரிவுரையாளருக்குச் செய்யத் தோன்றவில்லை.

இன்னொரு காரணமும் இருக்கலாம், அதை இந்த வாரமே பார்த்துவிடுங்கள். திறன் பலகை இருக்கும் அறையின் சாவி யாரிடம் இருக்கிறது? களஞ்சியப் பொறுப்பாளர் விடுமுறை என்றால்? இணைப்புக் கேபிள் அறைக்குள் இருக்கிறதா, அலுவலக அலுமாரிக்குள்ளா? நாற்பது நிமிடப் பாடவேளையில் பத்து நிமிடம் சாவி தேடப் போனால், புத்தியுள்ள எந்த ஆசிரியரும் கரும்பலகைக்கே திரும்புவார். அதை எதிர்ப்பு என்று எண்ண வேண்டாம்.

மின்சாரத்தையும் மறக்கக் கூடாது. 2022இன் நீண்ட மின்வெட்டுகளை மறந்திருக்க மாட்டீர்கள். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததாகச் சொல்லப்பட்டு நாடு முழுவதும் மின்சாரம் போனது. உங்கள் மாணவர்கள் நாளை நியமனம் பெற்றுப் போவது துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ உட்கிராமப் பாடசாலை ஒன்றாக இருக்கலாம். அங்கே திறன் பலகை இருக்காது, இரண்டு வகுப்புகள் ஒரே மண்டபத்தில் நடக்கலாம். ஒரு குரங்கு குழப்பிவிட முடியாத பாடத்தைத் திட்டமிடப் பழக்குவதும் தொழில்நுட்பக் கல்விதான்.

முதலில் பாடம், பிறகு கருவி

கல்வித் தொழில்நுட்ப ஆய்வாளர்களான புன்யா மிஷ்ரா, மத்தேயு கோலர் ஆகியோர் 2006இல் எழுதிய கட்டுரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாட அறிவு, கற்பித்தல் அறிவு, தொழில்நுட்ப அறிவு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடமே ஆசிரியருக்கு வேண்டியது என்பது அவர்கள் வாதம். மூன்றையும் மூன்று வட்டங்களாக வரைந்து தேர்வில் மதிப்பெண் வாங்க எல்லோராலும் முடியும். நடைமுறையில் அதன் பொருள், முதல் இரண்டும் நிறைந்திருக்கும் ஒருவரிடம் மூன்றாவதை மட்டும் கொண்டுபோய்ச் சேர்ப்பது. உங்கள் மூத்தவரிடம் பாதிக்கு மேல் ஏற்கெனவே இருக்கிறது.

எனவே கருவியைக் கையில் எடுக்காமல் அவரிடம் போங்கள். "சேர், உங்கள் பாடத்தில் பிள்ளைகள் எந்த இடத்தில் திரும்பத் திரும்பப் பிழைவிடுகிறார்கள்?" என்று மட்டும் கேளுங்கள். ஆரம்பக்கல்வி என்றபடியால் அநேகமாக வாசிப்பைப் பற்றிச் சொல்வார். பிள்ளை வாசிக்கும்போது எங்கே திக்குகிறது, ஏன் திக்குகிறது என்பதைக் காதால் பிடிக்க ஆசிரிய மாணவருக்குத் தெரிவதில்லை என்பார். கரும்பலகையால் அதைக் காட்ட முடியாது. ஒரு கைபேசியால் முடியும்.

அயல் பாடசாலையில் தரம் 3 பிள்ளை ஒன்று ஒரு பந்தி வாசிப்பதைக் குரல் பதிவு செய்யுங்கள். ஒன்றரை நிமிடம் போதும். சிறிய ஒலிபெருக்கியில் வகுப்பில் போடுங்கள். முதல்முறை கேட்டதும் ஆசிரிய மாணவர்கள் "நன்றாக வாசிக்கவில்லை" என்பார்கள். அவர் திரும்பப் போடச் சொல்வார். பிள்ளை "பள்ளம்" என்பதை "பல்லம்" என்கிறதா, அல்லது சொல்லின் முதலெழுத்தைப் பார்த்து மிச்சத்தை ஊகிக்கிறதா? வரி முடிவில் நிறுத்துகிறதா, வசன முடிவிலா? தடுமாறிய சொல்லுக்கு முன் மூச்சு எடுத்ததா? ஐந்தாம் முறை கேட்கும்போது மாணவர்கள் எழுதத் தொடங்குவார்கள். இணையம் வேண்டாம், திரை வேண்டாம், மின்சாரம் போனாலும் நடக்கும். வகுப்பை நடத்துபவர் அவர்தான். நீங்கள் பொத்தானை அழுத்தினீர்கள். இரண்டாம் வாரம் அவரே அழுத்துவார்.

அடுத்தது அந்தப் பென் டிரைவ்கள். உங்களைத் தட்டச்சாளராக்கிவிட்டார்கள் என்ற கோபம் நியாயமானது. ஆனால் அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா? பெரும்பாலும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் (அது இல்லாத கருவியில் ஆங்கில எழுத்துகளாகத் தெரியும்) இருபது, இருபத்தைந்து வருடக் குறிப்புகள் இருக்கும். அவற்றை ஒருவர் என்றாவது மாணவர் குழுவில் அனுப்பிப் பார்த்திருப்பார். பிள்ளைகளின் கைபேசியில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக ஏதோ வந்திருக்கும். சிரித்திருப்பார்கள். அத்தோடு அவர் நிறுத்தியிருப்பார். நம் பக்கத்தில் எத்தனையோ பேருடைய கணினி வாழ்க்கை இந்த இடத்தில்தான் முடிந்துபோயிருக்கிறது, யாரும் வெளியே சொல்வதில்லை.

ஸ்லைட் செய்து கொடுப்பதை நிறுத்திவிட்டு, எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யுனிகோட்டுக்கு அவற்றை மாற்றுவதை ஒருமுறை பக்கத்தில் இருந்து காட்டுங்கள். இலவச மாற்றிகள் இருக்கின்றன. ஒட்டி, மாற்றி, எடுக்க ஒரு நிமிடம். நடுவே இருந்த ஆங்கிலச் சொற்கள் பொருளற்ற தமிழாகிவிடும். மேற்கோள் குறிகளும் சில கிரந்த எழுத்துகளும் குழம்பலாம். அந்தப் பிழைதிருத்தத்தை அவரிடமே விட்டுவிடுங்கள். தன் குறிப்பைத் தானே திருத்தி, மாணவரின் கைபேசியில் தெளிந்த தமிழாக வருவதைப் பார்ப்பவர், அடுத்த கேள்வியைத் தானாகக் கேட்பார். தட்டச்சு கடினமென்றால் கைபேசியின் குரல்வழித் தட்டச்சைக் காட்டுங்கள். கூகுள் விசைப்பலகை தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கித் தரும். முப்பது வருடம் வகுப்பில் நிறுத்தி நிதானமாகப் பேசிப் பழகியவர்களின் குரலை அது நம் குரலைவிடச் சுத்தமாக எழுதக்கூடும்.

சுற்றறிக்கை கேட்கலாமா?

வேண்டாம். கூட்டத்துக்கு வரச் சொல்லித் தலைவர் கட்டளையிடலாம். வருகைப் பதிவேட்டில் கையொப்பமும் விழும். வகுப்பறைக் கதவு மூடிய பிறகு எந்தச் சுற்றறிக்கையும் உள்ளே வராது. அதைவிட, கட்டாயப்படுத்தினால் மோசமான ஒரு பழக்கம் தொடங்கும்: முழுக் குறிப்பையும் ஸ்லைடில் ஒட்டி, திரையைப் பார்த்து வாசிப்பது. வெண்கட்டி வகுப்பே மேல் என்று மாணவர்கள் சொல்லும் நிலை வரும்.

தலைவரிடம் கேட்க வேண்டியது வேறு. உங்களுக்குக் கொடுத்த பொறுப்பு வாய்மொழியானது. அதை எழுத்தில் கேளுங்கள். உங்கள் கடமைப் பட்டியலில் அது சேர வேண்டும். அதற்கு ஈடாக நேரசூசியில் சில பாடவேளைகள் குறைய வேண்டும். இல்லாவிட்டால் ஓராண்டில் நீங்கள் சம்பளமில்லாத கணினி திருத்துநராகிவிடுவீர்கள், மதிப்பீட்டுக் காலத்தில் "இந்த வேலை யார் தந்தது?" என்ற கேள்விக்கும் கையில் காகிதம் இருக்காது. கோரிக்கையைப் பணிவாக, ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். சாவியையும் கேபிளையும் அறையிலேயே வைக்க ஏற்பாடு செய்யும்படியும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.

பதிவுகளில் கவனம்

விரிவுரையாளரின் வகுப்பை வீடியோ எடுத்து ஊழியர் குழுவில் போடும் எண்ணத்தைக் கைவிடுங்கள். ஊக்கம் என்று நீங்கள் நினைப்பதை அவர் ஒப்பீடு என்று எடுத்துக்கொள்வார். குழுவில் போட்டது எங்கெங்கே போகும் என்பதும் உங்கள் கையில் இல்லை. அவர் தானாக விரும்பி, தானே பார்ப்பதற்காக எடுக்கச் சொன்னால் எடுங்கள். எடுத்ததை அவர் கைபேசியிலேயே வைத்துவிடுங்கள்.

பிள்ளைகள் விடயத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகள் தொடர்பான தரவுகளைக் கூடுதல் பாதுகாப்புக்குரிய சிறப்பு வகையில் வைத்திருக்கிறது. சட்டத்தை ஒருபக்கம் வைத்தாலும், வாசிக்கத் தெரியாமல் திக்கும் பிள்ளையின் குரல் ஊரில் சுற்றுவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் தீங்கு. அதிபரின் அனுமதியும் பெற்றோரின் சம்மதமும் எழுத்தில் வேண்டும். பதிவில் பெயர், பாடசாலை, ஊர் வரக் கூடாது. முகம் தேவையில்லை, குரல் போதும். ஆசிரிய மாணவர்களுக்குப் பிரதி கொடுக்காதீர்கள். தவணை முடிந்ததும் அழித்துவிடுங்கள். கற்பித்தற் பயிற்சியில் வகுப்புப் படங்களை முகநூலில் போடும் பழக்கம் உங்கள் மாணவர்களிடமும் இருக்கும். அதைப் பற்றி அந்த மூத்தவரே ஒரு பாடம் எடுத்தால் என்ன?

மாணவர்களை ஆசிரியராக்கலாமா?

அரைகுறையாக ஆம். தன் வகுப்பில் இருக்கும், தான் மதிப்பெண் போடப்போகும் மாணவரிடம் விரிவுரையாளர் கற்பது இரு பக்கத்துக்கும் சங்கடம். மாணவர் "முடியாது" என்று சொல்ல முடியாது. கடைசியில் ஸ்லைட் செய்யும் வேலை அவர் தலையில் விழும். வேறு பாடநெறி மாணவர் ஒருவர், நேரம் குறித்து, உங்கள் முன்னிலையில் என்றால் செய்யலாம். அதைவிட நல்ல வழி, விரிவுரையாளர்களையே இரண்டிரண்டு பேராக இணைப்பது. பழகியவரிடம் கேட்டால் வெட்கம் குறைவு.

செயற்கை நுண்ணறிவு பற்றிய உங்கள் கவலையைத் திருப்பிப் பார்க்கச் சொல்வேன். சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வெளிவந்தது. அதைத் தடுக்க உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. அது எழுதிய பாடத்திட்டம் ஒன்றை அச்சிட்டு அந்த மூத்தவரிடம் கொடுங்கள், எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுங்கள். சிவப்புப் பேனாவை எடுப்பார். "தரம் 2 பிள்ளைக்கு ஐந்து நிமிடத்தில் குழுச் செயற்பாடா? நாற்காலி இழுக்கவே ஐந்து நிமிடம்." "மழைக்காலத்தில் வெளிக்களச் செயற்பாடாம், இது எந்த ஊர்?" அந்தச் சிவப்புக் கோடுகளை ஆசிரிய மாணவர்கள் முன்னால் போட வையுங்கள். இயந்திரம் எழுதியதை எடைபோடக் கற்பிக்க உங்கள் நிறுவனத்தில் அவரைவிடத் தகுந்தவர் இல்லை. பிறகு அவருக்கே ஓர் ஆவல் வரும், "நான் கேட்டால் அது என்ன சொல்லும்?" என்று. அந்த நாளில் கைபேசியைக் கையில் கொடுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

இடமாற்றம் கேட்பது உங்கள் உரிமை. குடும்பக் காரணம் இருந்தால் தயங்காமல் விண்ணப்பியுங்கள். இந்த ஒரு விடயத்துக்காக என்றால், போகும் இடத்திலும் ஒரு திறன் பலகை துணி போர்த்திக் கிடக்கும். எல்லோரையும் மாற்றும் பொறுப்பை ஓராண்டுக்கு ஒதுக்கிவைத்துவிட்டு, இந்தத் தவணைக்கு ஒரே ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அது அந்த வெண்கட்டி விரிவுரையாளராக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பென் டிரைவோடு வந்தவர்களில் யார் இரண்டாம் முறை வந்து நன்றி சொன்னாரோ அவரிடம் தொடங்குவது எளிது. தலைவருக்கு எழுதும் கடிதத்தில் நான் சொன்ன மூன்று கோரிக்கைகளையும் சேர்த்து, கற்பித்தற் பயிற்சி தொடங்கி எல்லோரும் பாடசாலைகளுக்குப் போவதற்கு முன் கொடுத்துவிடுங்கள். பெற்றுக்கொண்டதற்கான திகதியிட்ட பிரதியை வாங்கி வைத்துக்கொள்ள மறவாதீர்கள்.